வெவ்வேறு மாடிகளில் இரு பகைவர்கள்

1948 செப்டம்பர் 17. ஜெருசலேமில் ஐ.நா. சமரசத் தூதர் ஃபோல்க் பெர்னடோட்டின் காரை ஒரு ஜீப் வழிமறித்தது. லெஹி என்ற யூதத் தீவிரவாதக் குழுவினர் சுட்டதில் அவரும், பக்கத்தில் அமர்ந்திருந்த பிரெஞ்சு கர்னல் ஆந்த்ரே செரோவும் இறந்தனர். வீடிழந்த அரபு அகதிகள் ஊர் திரும்பும் உரிமையை வலியுறுத்தியவர் பெர்னடோட். அன்று அந்தக் காரில் ஏறியிருக்க வேண்டிய ஐ.நா. அதிகாரி ரால்ஃப் பஞ்ச், வழியில் தாமதமானதால் உயிர் தப்பினார். இறந்தவரின் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

டெட்ராய்ட்டில் பிறந்து, சிறுவயதிலேயே தாயை இழந்து, பாட்டியின் கண்டிப்பில் வளர்ந்த கறுப்பினத்தவர் பஞ்ச். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். 1947இல் பாலஸ்தீனம் பற்றிய ஐ.நா. குழு இரண்டாகப் பிரிந்தபோது, நாட்டைப் பிரிக்கச் சொன்ன அறிக்கைக்கும், கூட்டாட்சி கேட்ட மாற்று அறிக்கைக்கும் வரைவு எழுதிக் கொடுத்தவர் அவரே! இரு தரப்பு வாதங்களையும் அவரவரைவிடத் தெளிவாக எழுதத் தெரிந்திருந்தது.

1949 ஜனவரியில் போர் நிறுத்தப் பேச்சுக்காக ரோட்ஸ் தீவின் ஓட்டல் ஒன்றில் எகிப்தியரும் இஸ்ரேலியரும் வந்து இறங்கினார்கள். வெவ்வேறு மாடிகள். நேருக்கு நேர் பேச எகிப்தியர் முதலில் சம்மதிக்கவில்லை. பஞ்ச் இங்கும் அங்கும் நடந்தார், இரவு பகல் பாராமல். யாருடைய மண் என்ற கேள்வியை அவர் தொடவே இல்லை. எந்தப் படை எங்கே நிற்பது, எது வரை பின்வாங்குவது, அவ்வளவுதான். படைகளைப் பிரிக்கும் இந்தக் கோடு அரசியல் எல்லை ஆகாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தார்கள். ரோட்ஸ் மண்பாண்டத் தட்டுகளை நினைவுப் பரிசாக வாங்கி வைத்திருந்த பஞ்ச், கையெழுத்துப் போடாவிட்டால் இவற்றை உங்கள் தலையிலேயே உடைப்பேன் என்று மிரட்டியதாக ஒரு கதை உண்டு. பிப்ரவரி 24இல் கையெழுத்தானது. ஜூலைக்குள் லெபனான், ஜோர்டான், சிரியாவும் வழிக்கு வந்தன. 1950இல் பஞ்சுக்கு நோபல் பரிசு.

உலகம் கொண்டாடிய அந்த மனிதரின் மகனை 1959இல் நியூயார்க்கின் டென்னிஸ் கிளப் ஒன்று உறுப்பினராக ஏற்க மறுத்தது. கறுப்பருக்கும் யூதருக்கும் அங்கே இடமில்லையாம்.

ரோட்ஸில் சிக்கலை வெட்டிச் சிறிதாக்கியதுதான் பஞ்சின் சாமர்த்தியம். வெட்டி ஒதுக்கிய பகுதியில் இருந்தவர்கள் பாலஸ்தீனர்கள். சுமார் ஏழு லட்சம் பேர் வீடிழந்திருந்தனர். அவர்கள் சார்பில் ரோட்ஸில் நாற்காலி எதுவும் போடப்படவில்லை. பஞ்சைக் குறை சொல்வது எளிது. எல்லாவற்றையும் மேசையில் பரப்பியிருந்தால் ஒரு கையெழுத்தும் கிடைத்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனாலும் ஃபலூஜா என்ற ஊரில் நடந்ததை மறைக்க முடியாது. அங்கே இஸ்ரேலியப் படை சுற்றி வளைத்திருந்த எகிப்தியப் படைப்பிரிவு, ஒப்பந்தப்படி ஆயுதங்களுடன் ஊர் திரும்பியது. அதில் இருந்த இளம் அதிகாரி கமால் அப்துல் நாசர். ஃபலூஜாவிலும் பக்கத்து ஊரான இராக் அல் மன்ஷியாவிலும் தங்கிவிட விரும்பும் மக்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்கள் உறுதி கூறின. சில நாட்களிலேயே இஸ்ரேலியப் படையினரின் அடியும் மிரட்டலும் தொடங்கின. ஐ.நா. கண்காணிப்பாளர்கள் கண்டதை எடுத்துக்காட்டி பஞ்ச் புகார் செய்தார். ஏப்ரல் முடிவதற்குள் இரண்டு ஊர்களும் காலியாகிவிட்டன.

(தொடரும்)