ஜித்தா: அன்று பல வாரங்கள், இன்று ஆறு மணி நேரம்

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். நேராகச் செல்லும் விமானம் சுமார் ஆறு மணி நேரத்தில் இதைக் கடக்கிறது. அங்குள்ள நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி பின்தங்கியது. ஆகவே, காலை 8 மணிக்கு மீனம்பாக்கத்தில் புறப்படுபவர் அங்கே முற்பகல் 11.30 மணியளவில் லுஹர் தொழுகைக்கு முன்பே இறங்கிவிடலாம்.

நம் பாட்டனார் காலத்து ஹாஜிகளின் பாதை வேறு. சென்னையையும் பம்பாயையும் இணைத்த இருப்புப்பாதை 1871-இல் நிறைவுற்றது. அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம் செல்லும் பாதையே அதன் முதற்பகுதி. இன்று நம்மவர் அலுவலகம் போய்வரும் மின்சார ரயில் ஓடுவதும் அவ்வழியில்தான். பம்பாய் வரை சுமார் 1,280 கிலோமீட்டர். அங்கே முஸாஃபிர்கானாவில் கப்பலுக்காகக் காத்திருப்பு. பிறகு அரபிக்கடலையும் செங்கடலையும் கடக்க, நீராவிக் கப்பலுக்கு ஒரு வாரம் முதல் இரு வாரங்கள் வரை ஆகும். 1882-இல் உஸ்மானிய அரசு கமரான் தீவில் நோய்த்தடுப்பு நிலையம் அமைத்தபின், அங்கும் இறங்கித் தங்க வேண்டியிருந்தது. கடனை அடைத்து, வஸிய்யத் எழுதி, உற்றார் அனைவரிடமும் பொருத்தம் கேட்டுப் புறப்பட்டார்கள் என்பதில் வியப்பில்லை. இந்தியாவின் ஹஜ் கப்பல் போக்குவரத்து 1995-உடன் நின்றுபோயிற்று.

இவ்வளவு சுருங்கிய பயணத்துக்கும் கஸ்ர் உண்டா என்று பலர் கேட்கின்றனர். பழைய நூல்களில் பயணத்தின் அளவு நாட்களாலும் சொல்லப்பட்டது: ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, ஹனஃபீ மத்ஹபில் மூன்று நாள் நடை. பிற்காலத்தார் அதனைக் கிலோமீட்டர்களாகக் கணக்கிட்டனர். ஹிஜ்ரி 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) தம் ‘மின்ஹாஜ்’ நூலிலேயே இதற்கு விடை தந்துவிட்டார். கடலும் தரையைப் போன்றதே. அத்தொலைவைக் கப்பலில் ஒரு மணி நேரத்தில் கடந்தாலும் சுருக்கித் தொழலாம் என்பது அவர் கூறியதன் கருத்து. பாய்மரக் கப்பலுக்கு மேல் வேகம் அறியாத காலத்தில் எழுதப்பட்ட சட்டம் அது!

வேகத்தால் உண்மையிலேயே நெருக்கடி ஏற்படுவது இஹ்ராமில்தான். கப்பலில் யலம்லம் நேர்க்கோடு வருவதற்குள் ஹஜ்ஜின் சட்டங்களைக் கற்பதற்கும் குளித்து ஆயத்தமாவதற்கும் நாட்கள் இருந்தன. அரபு நிலப்பரப்பின் மேலாக வரும் விமானமோ, பெரும்பாலும் கர்னுல் மனாஸில் எல்லையைத் தரையிறங்கச் சற்று முன்பு சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. அப்போது உறங்கிவிட்டு, ஜித்தாவில் இறங்கியபின் நிய்யத் வைத்தவர் மீக்காத்திற்குத் திரும்பிச் செல்லாவிட்டால் அவர்மீது பலி கடமையாகும். எனவே வீட்டிலேயே குளித்து, ஆண்கள் இஹ்ராம் துணியும் அணிந்து புறப்படட்டும். அறிவிப்பு வந்தவுடன் நிய்யத்தும் தல்பியாவும் போதும். அறிவிப்புக் காதில் விழாது என்று அஞ்சுபவர் விமானம் ஏறியதுமே நிய்யத் வைத்துக்கொள்ளலாம்.