பள்ளிப் பேருந்து ஓட்டுநர் உரிமம் (இந்தியா)

இந்தியாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுவதற்கெனத் தனி உரிமம் கிடையாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கல்வி நிறுவனப் பேருந்தைத் தனியே வரையறுத்தாலும், உரிமத்தைப் பொறுத்தவரை அதனைப் போக்குவரத்து வாகனங்களுள் ஒன்றாகவே கொள்கிறது. ஆகவே சரக்குந்து, வாடகை வாகன ஓட்டுநர்களை மனத்திற்கொண்டு தளர்த்தப்பட்ட விதிகள் பள்ளி வாகன ஓட்டுநர்களுக்கும் பொருந்துகின்றன. கோயம்புத்தூர் மாவட்டம் அன்னூர் போன்ற ஊர்களில், சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து மாணவரை ஏற்றிவரும் பள்ளிப் பேருந்துகளுக்கும் வேன்களுக்கும் இவ்விதிகளே அடிப்படையாகும்.

உரிமம் பெறும் முறை

பேருந்து ஓட்ட விரும்புபவர் 20 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும். இலகுரக வாகன உரிமத்தைக் குறைந்தது ஓராண்டு வைத்திருந்த பின்னரே இதற்கான பழகுநர் உரிமம் வழங்கப்படும். மருத்துவச் சான்றும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சான்றும் தேவை.

தளர்வுகள்

முன்னர் 8ஆம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயமாக இருந்தது. அரியானாவின் மேவாத் பகுதியில் திறமையிருந்தும் பள்ளிப்படிப்பு இல்லாதோர் பிழைப்பை இழக்கின்றனர் என்று அம்மாநில அரசு எடுத்துரைத்ததை அடுத்து, 2019இல் நடுவண் அரசு இதனை நீக்கியது. நாட்டில் ஏறத்தாழ 22 இலட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என அமைச்சகம் அப்போது கூறியது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம் போக்குவரத்து வாகன உரிமத்தின் செல்லுபடிக் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்த்தியது.

இதனினும் பெரிய மாற்றம் நீதிமன்றத்தின் வழியாக வந்தது. இலகுரக வாகன உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோகிராமுக்கு மிகாத போக்குவரத்து வாகனத்தைத் தனி ஒப்புதலின்றியே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று இதனை உறுதிசெய்தது. கூடுதல் தகுதி விதிகள் இவ்வெடைக்கு மேற்பட்ட வாகனங்களுக்கே பொருந்தும் என்றும் அமர்வு கூறியது. பள்ளி வேன்கள் பெரும்பாலும் இவ்வெல்லைக்குள் அடங்குவன. எனவே கார் ஓட்டும் உரிமமே வேனுக்கும் போதுமானதாகிறது. மழலையர் வகுப்புக் குழந்தைகள் மிகுதியாகச் செல்வதும் இத்தகைய வேன்களில்தான் என்பது கருதத்தக்கது.

பள்ளிகளுக்கான கட்டுப்பாடுகள்

உரிமம் எளிதானபோதும், பணியில் அமர்த்துவதற்கான நிபந்தனைகள் வேறாக உள்ளன. 1997 நவம்பரில் தில்லியில் பள்ளிப் பேருந்து ஒன்று யமுனை ஆற்றில் விழுந்து மாணவர்கள் இறந்தனர். அவ்வாண்டே உச்ச நீதிமன்றம், தில்லியில் கல்வி நிறுவனப் பேருந்தை ஓட்டுபவர் கனரக வாகனத்தில் 5 ஆண்டு அனுபவம் உடையவராகவும், மிகைவேகத்திற்காகவோ குடிபோதைக்காகவோ ஒருமுறைகூடக் குற்றஞ்சாட்டப்படாதவராகவும் இருக்க வேண்டுமெனப் பணித்தது.

தமிழ்நாட்டில் 2012 சூலையில் தாம்பரம் அருகே பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்ததைத் தொடர்ந்து, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அதன் பின்னர் பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் இயற்றப்பட்டன. உதவியாளர் ஒருவர் உடன் செல்வது இவற்றால் கட்டாயமானது. ஆண்டுதோறும் நடைபெறும் கூட்டாய்வில் வாகனத்தின் நிலை சரிபார்க்கப்படுகிறது.

ஐக்கிய அமெரிக்காவில்

அங்கு வணிக வாகன உரிமத்துடன் பயணியர், பள்ளிப் பேருந்து என இரு மேலொப்புதல்கள் வேண்டும். கொரோனாக் காலத்தில் ஓட்டுநர் தட்டுப்பாடு மிகவே, தேர்வில் பொறியின் பாகங்களைச் சுட்டிக்காட்டும் பகுதியை மட்டும் தவிர்க்க மாநிலங்களுக்கு 2022 சனவரியில் அனுமதி தரப்பட்டது; பின்னர் இது நீட்டிக்கப்பட்டது. இவ்விலக்கில் உரிமம் பெறுவோர் தம் மாநிலத்திற்குள் பள்ளிப் பேருந்து மட்டுமே ஓட்டலாம்.