ஒளியும் இருளும் (கிறிஸ்தவ சமயத்தில்)

கிறிஸ்தவ சமயத்தில் ஒளி இறைவனுடைய சான்னித்தியத்தையும் ஞானத்தையும், இருள் பாவத்தையும் மரணத்தையும் குறிப்பனவாகப் பொதுவாகக் கொள்ளப்படினும், இருளுக்கும் ஒரு புனிதப் பொருளை அச்சமயத்தின் தவமுனிவர் கண்டுள்ளனர்.

ஆதியாகமத்தின்படி ஒளி சிருஷ்டியின் முதல் நாளிலும், சூரிய சந்திரர் நான்காம் நாளிலுமே தோன்றுவதால், ஒளி வானத்துச் சுடர்களுக்கு முற்பட்டதாய், இறைவனையே மூலமாக உடையதாய் விளங்குகிறது. யோவான் சுவிசேஷம் இயேசுவையே உலகின் ஒளியாகக் காட்டுகிறது. 325-இல் நைசியாவில் கூடிய சங்கத்தின் விசுவாசப் பிரமாணம் அவரை ஒளியினின்று உதித்த ஒளியாக அறிக்கையிட்டது. இரண்டாம் நூற்றாண்டிலேயே ஞானஸ்நானத்துக்கு ‘ஒளிபெறுதல்’ என்ற பெயர் வழங்கியமை ஜஸ்டின் என்பவரின் நூலால் அறியப்படும்.

மறுபுறம், சீனாய் மலையில் கார்மேகத்துள் புகுந்தே மோசே இறைவனை அணுகினார் என்னும் வரலாற்றைச் சிந்தித்த நிசா நகரத்துக் கிரகோரியார் (4ஆம் நூற்றாண்டு), அறிவு எட்டாத இடத்து ஆன்மாவைச் சூழும் இருளும் தெய்விகமானதே எனக் கொண்டார். ஸ்பானிய நாட்டுச் சிலுவை யோவான் (1542–1591) இதனையே ஆன்மாவின் இரவாக விரித்து எழுதினார்.

இவ்விரு பொருளும் ஒருங்கே விளங்குவது பாஸ்கு (ஈஸ்டர்) இரவுச் சடங்கிலாகும். விளக்கெல்லாம் அணைந்த ஆலயத்தின் வெளியே புதுநெருப்பு மூட்டி, சிலுவையும் அவ்வாண்டின் எண்களும் பொறித்து, ஐந்து சாம்பிராணி மணிகள் பதித்த பெரிய மெழுகுதிரியை அந்நெருப்பினின்று ஏற்றி உள்ளே கொணர்ந்தபின், ஒருவர் திரியினின்று மற்றொருவர் திரிக்குச் சுடர் பரவும். பதினாறாம் நூற்றாண்டிற்குப்பின் சனிக்கிழமைக் காலையிலேயே, பகல் வெளிச்சத்தில் நடந்துவந்த இச்சடங்கினை 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) மீண்டும் இரவுக்கு மாற்ற இசைவளித்தார். இத்திருநாள் வசந்தகாலத்துப் பௌர்ணமியைப் பின்பற்றிக் கணிக்கப்படுவது. தமிழ்நாட்டில் செஞ்சியை அடுத்த மேல்மலையனூர்க் கோயிலிலோ, அமாவாசை இரவில் அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம் நிகழ, அன்பர்கள் கற்பூரச் சுடரேற்றித் தொழுகின்றனர். கொள்கையால் வேறுபட்ட இவ்விரு வழிபாடுகளும் இரவைப் புனிதகாலமாகப் போற்றுவதில் ஒத்திருப்பது கருதத்தக்கது.

செஞ்சி நாயக்கர் அரசவைக்கு 1597-இல் இயேசு சபையைச் சேர்ந்த நிக்கோலாஸ் பிமென்டா வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்டது முதல், இப்பகுதியின் கிறிஸ்தவத் தொடர்பு ஏட்டில் காணப்படுகிறது. ஒளி, இருள் குறியீடு பின்னர்த் தமிழ் இலக்கியத்திலும் இடம்பெற்றது: எச். ஏ. கிருஷ்ணப்பிள்ளை 1894-இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’, நாசபுரியை விட்டு நீங்கி மரண இருளின் பள்ளத்தாக்கைக் கடந்து பேரின்ப நகரை அடையும் பயணத்தைத் தமிழ்க் காப்பிய மரபில் பாடிற்று. கத்தோலிக்க வழிபாட்டில் பெருமாறுதல் நிகழ்ந்தது 1969-இல்: இந்திய ஆயர்கள் விண்ணப்பித்த பன்னிரண்டு தழுவல்களுக்கு ரோமாபுரி அவ்வாண்டு ஏப்ரல் 25-இல் இசைந்ததால், மெழுகுதிரிக்கு ஈடாக எண்ணெய் விளக்கு ஏற்றவும் ஆரத்தி எடுக்கவும் வழி பிறந்தது. அம்முயற்சியை முன்னின்று நடத்திய பேராயர் லூர்துசாமியும், பெங்களூர் விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தை நிறுவிய அவர் தம்பி அமலோற்பவதாஸும் தென்னார்க்காட்டுப் பகுதியினரே. உச்சியில் சிலுவை தாங்கிய பித்தளைக் குத்துவிளக்கு இன்று பல ஆலயங்களில் பீடத்தருகே நிற்கிறது.

எனினும் இக்குறியீட்டின் உரைகல் விளக்கன்று. சகோதரனைப் பகைப்பவன் இன்னும் இருளிலேயே இருக்கிறான் என்பது யோவானின் முதல் நிருபத்தின் போதனை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியால் மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. ஒளியைப் பற்றிய கோட்பாடு தமிழ்நாட்டில் செயலாக மாறிய நிகழ்ச்சிகளுள் அதற்கு உயர்ந்த இடம் உண்டு. ஏனெனில், ஒரே சுடரினின்று திரியேற்றுவோர் ஒரே கூரையின்கீழ்ப் பிரிந்து நிற்பது அச்சுடரையே மறுப்பதாகும்.