தாய்ப்பலகையும் நினைவகமும்

ஒரு பொருளின் பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடும் இடங்கள் சில உண்டு. கணினியின் உள்ளே பரந்து கிடக்கும் பெரிய மின்சுற்றுப் பலகையை மதர்போர்டு என்று அழைத்தனர். நாம் தாய்ப்பலகை என்கிறோம். செயலியும் நினைவகமும் பிற உறுப்புகளும் அதன் மடியில் அமர்ந்தே உயிர் பெறுகின்றன. ஆயினும், ‘தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இப்பழமொழிக்குத் தாய்ப்பலகையையும் நினைவகத்தையும் விடப் பொருத்தமான சான்று வேறு கிடைப்பது அரிது. இரண்டும் தனித்தனியே குற்றமற்றவையாக இருக்கலாம். சேர்த்து வைத்தால் கணினி வாய் திறவாது.

என் பார்வைக்குக் கொண்டுவரப்படும் கணினிகளில் பலவற்றைக் கண்டு நான் வருந்தியதுண்டு. உறுப்பு எதுவும் கெட்டிராது. உறுப்புக்கு உறுப்பு உடன்பாடு மட்டும் கெட்டிருக்கும். அதை அறியாமல் நல்ல பலகையைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியது வாங்குவோர் பலர். பெற்றோர் அரும்பாடுபட்டு ஈட்டிய பொருள் அவ்வாறு வீணாகின்றது. இதற்கு மருந்து என்ன? அந்த உடன்பாடு எவ்வாறு உருவாயிற்று என்னும் வரலாற்றை அறிவதே மருந்து என்பது என் எண்ணம்.

வரலாற்றின் தொடக்கத்தில் தாய்ப்பலகை என்ற ஒன்றே இல்லை. நினைவகமோ பெருந்தொல்லையாக இருந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1948-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள், தன்னுள்ளே சேமித்த கட்டளைத் தொடரை ஒரு மின்னணுக் கணினி முதன்முதலாக இயக்கிக் காட்டிற்று. வில்லியம்ஸ், கில்பர்ன் என்னும் அறிஞர் இருவர் உருவாக்கிய எதிர்மின்கதிர்க் குழாயே அதன் நினைவகம். குழாயின் முகப்பில் மின்னூட்டப் புள்ளிகளாக 1024 பிட்டுகளை அது தாங்கியது. அப்புள்ளிகள் நொடிப்பொழுதில் கரைந்துவிடும். ஆகவே ஓயாமல் படித்துப் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருத்தல் வேண்டும். மறுநாள் தேர்வுக்குப் பாடத்தை மீண்டும் மீண்டும் ஓதும் மாணவனை ஒத்தது அது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ‘வேர்ல்விண்ட்’ என்னும் கணினியை அமைத்தவர்களும் முதலில் இத்தகைய குழாய்களையே நம்பினர். அவை அடிக்கடி பழுதுற்றன. ஜே ஃபாரஸ்டர் என்பார் சிறு காந்த வளையங்களைக் கம்பி வலையில் கோத்துப் புதிய நினைவகம் ஒன்றை வகுத்தார். அதைச் சோதிப்பதற்கென்றே தனியாக ஒரு கணினியைக் கட்டினார்கள் என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். அங்கே தேறிய பின்னர், 1953-ஆம் ஆண்டில் அந்நினைவகம் வேர்ல்விண்டில் இடம்பெற்றது. ஐயத்துக்குரிய உறுப்பை, நன்கு இயங்கும் வேறோர் இயந்திரத்தில் வைத்துச் சோதித்தல் என்னும் நெறி அன்றே பிறந்துவிட்டது. நம் நாட்டில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், ஆர். நரசிம்மன் தலைமையில் உருவாகி 1960-இல் செயற்பாட்டுக்கு வந்த டிஃப்ராக் கணினியும் இக்காந்த வளைய நினைவகத்தையே கொண்டிருந்தது.

காந்த வளையங்களின் ஆட்சியை முடித்து வைத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டெனார்டு. ஒரே ஒரு டிரான்சிஸ்டர், ஒரே ஒரு மின்தேக்கி; இவ்விரண்டும் சேர்ந்தால் ஒரு பிட்டைத் தாங்கலாம் என்று அவர் கண்டார். 1968-இல் அதற்கு அவர் பெயரில் காப்புரிமை வழங்கப்பெற்றது. 1970-இல் இன்டெல் நிறுவனம் 1103 என்னும் சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் கொள்ளளவும் 1024 பிட்டே. மான்செஸ்டர்க் குழாய் தாங்கிய அதே அளவு, இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு சிறு சில்லுக்குள் அடங்கிவிட்டது! ஆனால் பழைய குறை ஒன்று கூடவே வந்தது. மின்தேக்கியின் மின்னூட்டம் கசியும்; ஆதலால் இடையறாது புதுப்பித்தல் வேண்டும். டிடிஆர்4 வரையிலான பொது இலக்கணம், ஒவ்வொரு நினைவு அறையையும் 64 மில்லிநொடிக்குள் ஒரு முறையேனும் புதுப்பிக்கச் சொல்கிறது. மின்சாரம் நின்றால் இந்நினைவகம் யாவற்றையும் மறப்பதும், தாய்ப்பலகையோடு இது நொடிதோறும் தாளம் தப்பாமல் இணைந்து இயங்க வேண்டியிருப்பதும் இக்காரணம் பற்றியே.

இனி, நாம் அறிந்த வடிவில் தாய்ப்பலகை தோன்றிய கட்டத்துக்கு வருவோம். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் பலகையில் நினைவகச் சில்லுகள் வரிசைக்கு ஒன்பதாக அமைந்தன. எழுத்து ஒன்றுக்கு எட்டுப் பிட்டுகளே வேண்டியிருக்க, ஒன்பதாவது எதற்கு? மற்ற எட்டும் சொல்வது மெய்யா பொய்யா என்று காவல் காப்பதற்கு! தொடங்கும்போதே கணினி தன்னைத்தான் சோதித்துக்கொள்ளும். யாவும் நலமெனில் ஒரு சிற்றொலி. நினைவகத்தில் குறை இருப்பின், 201 என்னும் குறியீடும், எந்த வரிசையில் எந்தச் சில்லு என்பதைச் சுட்டும் எண்ணும் திரையில் தோன்றும். நோயாளியே நோயின் இடத்தைச் சொல்லும் வசதி இதனால் வாய்த்தது.

அக்காலத்துச் சில்லுகளுக்கு விந்தையான ஒரு நோயும் உண்டு. இயங்கும்போது சூடேறி விரியும். நின்றபின் குளிர்ந்து சுருங்கும். இவ்வாறு நாள்தோறும் நிகழவே, குழிகளில் அமர்ந்த சில்லுகள் சிறிது சிறிதாக மேலே எழும்பிவிடும். கைதேர்ந்த பழுதுபார்ப்பவர் செய்த முதல் மருத்துவம், ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தி அமர்த்துவதே. உறுப்பில் குறை இல்லை. உறுப்புகள் சந்திக்கும் இடத்தில் குறை. என் உரையின் சாரம் இதுதான்.

இத்தொல்லையைத் தீர்க்கச் சில்லுகளை ஒரு சிறு பட்டையில் பற்றவைத்து, அப்பட்டையைச் செருகும் முறை 1980-களில் பரவிற்று. முதலில் வந்த பட்டைக்கு 30 முனைகள். அது ஒரே வேளையில் 8 பிட்டுகளைத் தரும். 486 செயலிக்கோ 32 பிட்டுகள் வேண்டும். எனவே நான்கு பட்டைகளைச் சேர்த்தே போட வேண்டும். மூன்று போட்டால் பயனில்லை. அடுத்து வந்த 72 முனைப் பட்டை 32 பிட்டுகளைத் தந்தது. 1993-இல் வந்த பென்டியம் செயலி 64 பிட்டுகளைக் கேட்டதால், அதற்கு இரட்டையாகப் போட வேண்டியதாயிற்று. பின்னர் 168 முனைகளோடு வந்த பட்டை 64 பிட்டுகளையும் தானே தந்தது; ஒன்று போதும் என்னும் நிலை வந்தது. எளிய வகுத்தல் கணக்கு இது. இக்கணக்கை அறியாமல் ஒற்றைப் பட்டையை வாங்கிச் செருகிவிட்டுப் பலகையைப் பழித்தவர் அந்நாளில் மிகப் பலர்.

ஒருவருக்கொருவர் போட்டியிடும் நிறுவனங்கள், ஒரே அளவில் ஒரே இலக்கணத்தில் பட்டைகளைச் செய்ய உடன்பட்டது எவ்வாறு? 1958-இல் தோன்றிய ஜெடெக் என்னும் அமைப்பில் அவர்கள் ஒன்றுகூடிப் பொது இலக்கணம் வகுத்தனர். டிடிஆர் முறைக்கு 2000-இலும், டிடிஆர்2 முறைக்கு 2003-இலும், டிடிஆர்3 முறைக்கு 2007-இலும், டிடிஆர்4 முறைக்கு 2012-இலும், டிடிஆர்5 முறைக்கு 2020-இலும் இலக்கணங்கள் வெளியாயின. தலைமுறைதோறும் மின்னழுத்தம் குறைந்துகொண்டே வந்தது: 2.5 வோல்ட், 1.8, 1.5, 1.2, 1.1. பழைய பட்டையைப் புதிய பலகையில் செருகினால் கேடு விளையுமாதலால், பட்டையின் அடியில் உள்ள வெட்டினைத் தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாற்றி வைத்தனர். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 முனைகளே. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 முனைகளே. எனினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமராது. வெட்டு இடம் தராவிட்டால் வலிந்து அழுத்தலாகாது. அது ‘நில்’ என்று சொல்லும் காவலன்.

பொது உடன்பாட்டை மீறினால் வலியவனும் வழுக்கி விழுவான் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன். 1990-களின் பிற்பகுதியில், செயலி உலகின் பேரரசனாக விளங்கிய இன்டெல், ராம்பஸ் என்னும் நிறுவனத்தின் புதுவகை நினைவகத்தைத் தன் எதிர்காலத் துணையாகத் தேர்ந்துகொண்டது. அது வேகமானது, ஆனால் விலை மிகுதி. வெறுமையாக உள்ள செருகுவாயையும் ஒரு போலிப் பட்டையால் அடைத்தாலன்றி அது இயங்காது. 1999 செப்டம்பரில், இதற்கென அமைத்த 820 என்னும் சில்லுத்தொகுதி வெளிவர இருந்த வேளையில், மூன்று செருகுவாய்கள் கொண்ட பலகைகளில் பிழை நேர்வது தெரிந்தது. வெளியீடு நவம்பருக்குத் தள்ளிப்போயிற்று. மலிவான பழைய நினைவகத்தையும் அதே பலகையில் பயன்படுத்த விரும்புவோருக்காக, இடையில் ஒரு மொழிபெயர்ப்புச் சில்லை வைத்தனர். அச்சில்லிலும் குறை கண்டது. கணினிகள் திடீரென நின்றன, தாமே மீண்டும் தொடங்கின. 2000 மே மாதத்தில், அத்தகைய பலகைகளை மாற்றித் தருவதாக இன்டெல் அறிவித்தது. அடுத்த மாதமே டிடிஆர் இலக்கணத்தை ஜெடெக் வெளியிட்டது. 2002-இல் இன்டெல்லின் பென்டியம் 4 பலகைகளும் அம்முறையை ஏற்றன. செயலியும் நன்று, நினைவகமும் நன்று. கெட்டது சந்திக்கும் இடமே.

இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் முறை யாது? கணினி திரை காட்டாமல் நின்றால், மின்சாரத்தை முற்றிலும் துண்டியுங்கள். உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிக்கொள்ளுங்கள். பட்டைகளை எடுத்து, முனைகளின் தூசியைத் துடைத்து, பூட்டு ஒலிக்கும்வரை நேராக அழுத்தி அமர்த்துங்கள். பின்னும் இயங்காவிடில், ஒரே ஒரு பட்டையை மட்டும் வைத்துப் பாருங்கள். அடுத்து மற்றொன்றை அதே செருகுவாயில் வையுங்கள். குறை பட்டையைத் தொடர்ந்து சென்றால் பட்டையில் குறை. செருகுவாயிலேயே நின்றுவிட்டால் பலகையிலோ செயலியின் இருக்கையிலோ குறை. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுதல் என்பதே இதில் உயிர்நாடி. இரண்டை மாற்றினால் விடை கிடைக்கலாம், காரணம் கிடைக்காது. பலகை எழுப்பும் ஒலிகளின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அதன் கையேட்டைப் பார்த்தே பொருள் கொள்ளுங்கள். புதிய டிடிஆர்5 பலகைகள் முதல் முறை இயங்கும்போது, நினைவகத்தோடு தாளம் பழகச் சில நிமிடம் எடுத்துக்கொள்வது உண்டு. அந்நேரம் திரை இருண்டிருக்கும். பொறுமை இழந்து அணைத்தல் கூடாது. கணினி இயங்கியும் இடையிடையே நின்றால், 1994 முதல் வழங்கிவரும் மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரலை ஓர் இரவு முழுதும் ஓட விடுங்கள்.

வாங்கும்போது வரிசை ஒன்றைக் கைக்கொள்ளுங்கள். முதலில் செயலி, பின்னர் அச்செயலியை ஏற்கும் பலகை, அதன் பின்னரே நினைவகம். பலகை எந்தத் தலைமுறையை ஏற்கும், செருகுவாய் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு கொள்ளும் என்பவற்றைக் கையேட்டில் காணுங்கள். சோதித்துத் தேர்ந்த பட்டைகளின் பட்டியலைப் பலகை செய்தோர் வெளியிடுவர். அதில் உள்ளதை வாங்குவது நன்று. ஒரே பெட்டியில் இணையாக விற்கும் இரண்டு பட்டைகளை, கையேடு குறிக்கும் செருகுவாய்களில் இடுங்கள். இருவேறு வேகப் பட்டைகளைச் சேர்த்தால், இரண்டும் இயங்கினாலும் மெதுவானதன் நடைக்கே வேகமானதும் இறங்கிவரும். நான்கையும் நிரப்பினால் வேகம் குறையும் பலகைகளும் உண்டு. பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் பொது இலக்கணத்துக்கு மேற்பட்டது. பலகையின் அமைப்பில் அதை நாமே இயக்கினாலன்றி வராது. நிலையின்மை தோன்றினால் முதலில் அதை அணைத்துப் பாருங்கள். பெருஞ்சேவைக் கணினிகளுக்குரிய பதிவுற்ற வகைப் பட்டைகள் மலிவாகக் கிடைத்தாலும், வீட்டுப் பலகைகளில் அவை உதவா.

மாணவ நண்பர்களே! கரையும் புள்ளிகளைக் குழாயில் காத்த காலம் முதல் இன்றுவரை, நினைவகம் பல வடிவங்கள் எடுத்துவிட்டது. நாளை வேறு முனைகளும் வேறு வெட்டும் வரும். நான் சொன்ன எண்கள் பழையனவாகும். ஆனால் உறுப்பைப் பழிக்குமுன் இணைப்பைப் பார்த்தல், ஒன்றை மாற்றி ஒன்றை நிறுத்தி ஆராய்தல், வாங்குமுன் பலகையின் இலக்கணத்தைப் படித்தல் என்னும் மூன்றும் பழையனவாகா. அடுத்த முறை ஒரு கணினி வாய் மூடி நின்றால், கடைக்கு ஓடுமுன் அதன் மூடியைத் திறந்து, பட்டைகள் சரியாக அமர்ந்துள்ளனவா என்று முதலில் பாருங்கள்.