மறுபடியும் கம்பி: பல், ஒழுங்கு, திரும்புதல்

'அண்ணாச்சி, இந்த வயசுல பல்லுல கம்பியா?' என்று தென்காசிப் பக்கத்தில் கேட்கிறவர்கள் கேலிக்காகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேலிக்குள் மூன்று நம்பிக்கைகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, பல்வரிசை என்பது பிள்ளைப் பிராயத்துச் சமாச்சாரம். இரண்டு, ஒருதரம் நேராக்கிவிட்டால் அது நேராகவே நிற்கும். மூன்று, நிற்கவில்லையென்றால் தப்பு பல்லுக்குச் சொந்தக்காரருடையது. ஐம்பதைத் தாண்டி இரண்டாம் முறையாகக் கம்பி போட்டுக்கொள்கிற ஒருவர் இந்த மூன்றுக்கும் ஒரே சமயத்தில் பதில் சொல்ல வேண்டியவராக நிறுத்தப்படுகிறார். உண்மையில் பதில் சொல்ல வேண்டியது அவர்தானா? இதைக் கேட்க வேண்டுமென்றால் இந்த நம்பிக்கைகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தாக வேண்டும்.

நம்மிடம் பல்லைப் பற்றிய சொற்களுக்குப் பஞ்சமில்லை. எத்துப்பல், தெத்துப்பல், சிங்கப்பல், ஓட்டைப்பல் என்று கோணலின் ஒவ்வொரு வகைக்கும் பேர் உண்டு. இவற்றில் சில கேலி, சில செல்லம். தெத்துப்பல்லை அழகென்று சொன்னவர்களும் உண்டு, அதிர்ஷ்டம் என்று சொன்னவர்களும் உண்டு. சாமுத்திரிகா லட்சணம் பல்லைத் தலையெழுத்தாக வாசித்தது. தலையெழுத்தை யாரும் கம்பி கட்டித் திருத்துவதில்லை. அதே சமயத்தில் அதிகாரம் பல்லைச் சும்மா விட்டுவிடவுமில்லை. 'பல்லைக் காட்டாதே' என்பது வயசுக்கு வந்த பெண்ணுக்குச் சொல்லப்பட்டது. 'பல்லிளிப்பது' பண்ணையார் முன்னால் கூலிக்கு நிற்பவனின் முகபாவம் என்று மொழியே பதிந்து வைத்திருக்கிறது. பல் நேரா, கோணலா என்பதை விட, யார் யார் முன்னால் அதைக் காட்டலாம் என்பதே நம் சமூகத்தின் கவலையாக இருந்தது. நேர்வரிசையைக் கட்டாயமாக்கிய சொல்லாடல் வேறு இடத்திலிருந்து வந்தது.

1741இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரி ஒரு நூல் எழுதினார். 'ஆர்த்தோபீடி' என்ற சொல்லை அவர்தான் உருவாக்கினார். கிரேக்கத்தில் ஒரு பாதி 'நேர்', மறுபாதி 'குழந்தை'. குழந்தைகளின் உடலில் உள்ள கோணல்களைத் தடுப்பதும் திருத்துவதும் எப்படி என்பது நூலின் விஷயம். அதில் ஒரு படம்: வளைந்து வளரும் இளமரம் ஒன்று நேரான கழியோடு கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. மிஷெல் ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட சிறைச்சாலையின் பிறப்பைப் பற்றிய நூலில் இந்தப் படத்தை எடுத்துப் போட்டிருப்பது தற்செயல் இல்லை. பள்ளி, பட்டாளம், தொழிற்சாலை, சிறை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கற்பனை அதில் இருக்கிறது: இளசாக இருக்கும்போதே கட்டு, நேரானதும் அவிழ்த்துவிடு, பிறகு அது தானாகவே நேராக நிற்கும். பல்லுக்கும் இதே கதைதான். பியேர் ஃபோஷார் 1728இல் எழுதிய பல் அறுவை நூலிலேயே உலோகப் பட்டையில் நூல் கட்டிப் பற்களை இழுக்கும் முறை இருக்கிறது.

இதை ஒரு தனித்துறையாக ஆக்கியவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள். கோணல்களை மூன்று வகுப்புகளாக அவர் பிரித்தது 1899இல். இன்றைக்கும் உலகமெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்வது அந்த வகுப்புகளைத்தான். முக அழகுக்கு ஆங்கிள் காட்டிய முன்மாதிரி அப்போலோ பெல்வெடியர் என்கிற பழைய பளிங்குச் சிலை. எல்லாப் பற்களையும் வைத்துக்கொண்டே, ஒன்றையும் பிடுங்காமல், சரியான இடத்தில் நிறுத்திவிட்டால் எலும்பு தன்னால் சுற்றி வளர்ந்து தாங்கிக்கொள்ளும் என்று அவர் நம்பினார். கம்பி செய்யும் வேலை நிஜமானதுதான். மெல்லிய அழுத்தம் தொடர்ந்து கொடுத்தால், அழுத்தம் படும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது, பல் நகர்கிறது. ஸ்வீடனின் சாண்ட்ஸ்டெட் 1904இலேயே நாயின் தாடையில் இதை நுண்ணோக்கி வழியாகக் காட்டிவிட்டார். பல் நகரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நகர்ந்த இடத்தில் நிற்குமா என்பதில்தான் தகராறு.

இந்தத் தகராறின் மையத்தில் ஓர் 'இரண்டாம் முறை' இருக்கிறது. ஆங்கிளின் சீடர் சார்லஸ் ட்வீட், அரிசோனாவில் தொழில் செய்தவர். ஆசான் 1930இல் இறந்த பிறகும் சில வருஷங்கள் அவர் சொன்னபடியே செய்தார். பிறகு தன் கையால் கம்பி போட்டு அனுப்பியவர்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். பலருக்குப் பல் பழையபடி நெருக்கியடித்திருந்தது. சிலருக்கு முகமே முன்னுக்குத் தள்ளியிருந்தது. ட்வீட் அவர்கள் மேல் பழி போடவில்லை. நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு, கட்டணம் வாங்காமல் மறுபடியும் கம்பி போட்டார். அப்படி இரண்டு முறை சிகிச்சை பெற்ற நூறு பேரின் வார்ப்புகளை, முதல் முறை முடிவையும் இரண்டாம் முறை முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 1940இல் சிகாகோ மாநாட்டில் காட்டினார். ஆங்கிளின் விசுவாசிகளுக்கு இது துரோகம். ஆனால் இந்தத் துறையின் நவீன வரலாற்றில் ஒரு பெரிய திருப்பம் இரண்டாம் முறை கம்பி போட்டுக்கொண்ட நூறு வாய்களிலிருந்து வந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் முறை தோற்றது என்று ஒப்புக்கொண்டவர் மருத்துவர்.

இதே காலத்தில் பிடுங்குவதற்கு இன்னொரு நியாயம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஆங்கிளிடம் படித்த அடிலெய்டின் பி. ஆர். பெக், ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் பற்களை ஆராய்ந்து 1954இல் 'கற்கால மனிதனின் பல்லமைப்பு' பற்றி எழுதினார். கரடுமுரடான உணவால் அவர்கள் பற்கள் பக்கவாட்டிலும் தேய்ந்து வாயில் இடம் கிடைக்கிறது, மெத்தென்ற உணவு உண்ணும் 'நாகரிக' மனிதனுக்குத் தேய்மானம் இல்லாததால் நெரிசல், ஆகவே தேய்மானம் செய்யாததைக் குறடு செய்யட்டும் என்பது வாதம். அன்றைக்கு உயிரோடு, நிலம் பறிக்கப்பட்டு வாழ்ந்துகொண்டிருந்த ஒரு மக்களைக் 'கற்காலம்' என்று பெயரிட்டு, அவர்கள் தாடையிலிருந்து எல்லோருக்குமான விதி எடுக்கப்பட்டது. இந்தப் பெக் முறைதான் 1970களிலும் 80களிலும் இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளில் பரவலாகக் கற்பிக்கப்பட்டது.

இது நம் ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தது? இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ரஃபியுதீன் அகமது 1920இல் கல்கத்தாவில் தொடங்கினார். சென்னையில் அது 1953இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக வந்தது. அதற்கு முன்பும் பின்பும் தமிழ்நாட்டு நகரங்களில் பல் வேலை பார்த்தவர்களில் சீனக் குடும்பங்கள் உண்டு. பட்டமில்லாமல் தொழில் பார்த்தவர்களுக்கு 1948ஆம் வருஷத்துப் பல் மருத்துவர் சட்டம் பதிவேட்டில் 'பி' பகுதி என்று ஒரு தனி அறை ஒதுக்கியது. இவர்கள் கைத்திறன் பிடுங்குவதிலும் பல்செட் கட்டுவதிலும் இருந்தது. பெரியவர்களுக்கு உரிய சாதனம் செட்டு என்பது அப்படித்தான் ஊரில் நிலைத்தது. கம்பி பிறகு வந்தது, அதுவும் பிள்ளைகளுக்கென்று வந்தது. பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணத்துக்கு முன் 'கிளிப்' போட்டுவிட வேண்டும் என்கிற அவசரமும் சேர்ந்துகொண்டது. செட்டு தளர்ந்து புதுசு கட்டினால் யாரும் சிரிப்பதில்லை. கண்ணாடி பவர் ஏறினால் 'முதல் கண்ணாடியை நீ ஒழுங்காப் போடல' என்று யாரும் ஏசுவதில்லை. கம்பிக்கு மட்டும் இந்த விசாரணை.

தென்காசிக்குக் கல்லூரி என்றால் சென்னையை விடத் திருவனந்தபுரம் கிட்டே. அங்கே அரசு பல் மருத்துவக் கல்லூரி 1959இல் தொடங்கியது. பக்கத்துச் செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சிதான். ஆரியங்காவுக் கணவாய் வழியாக 1904இல் போட்ட மீட்டர்கேஜ் பாதை 2010 வரைக்கும் ஓடியது, அகலப்பாதையாகி 2018இல் மறுபடி திறந்தது. தமிழ்நாட்டில் மூன்றாவது அரசுக் கல்லூரி 2023இல் வந்தபோதும் அது புதுக்கோட்டையில்தான் வந்தது. தென்காசி 2019இல் தனி மாவட்டமாயிற்று, ஆனால் மாவட்டம் பிரிவதால் தூரம் குறைந்துவிடாது. கம்பி என்பது ஒருநாள் வேலை இல்லை. மாசாமாசம் போய் முறுக்கிக்கொண்டு வர வேண்டும், இரண்டு வருஷம். ஒரு நாள் போனால் ஆயிரம் பீடிக்கான கூலி போச்சு என்று கணக்குப் பார்க்கிற கடையம், ஆலங்குளம் பக்கத்து வீடுகளில் பிள்ளைக்குக் கம்பி போடுவது என்ன முடிவு என்று யோசித்துப் பாருங்கள். அப்படிக் கடன்பட்டு, பஸ் ஏறி, நல்ல நான்கு பல்லைக் கொடுத்து வாங்கிய நேர்வரிசை அது.

அது நின்றதா? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டிலும் கூட்டாளிகளும் பல் எடுத்துக் கம்பி போட்டவர்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். தக்கவைக்கும் கருவியை நிறுத்திப் பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் கீழ் முன்பற்கள் ஏற்கும்படி இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இது 1981 முடிவு. இருபது வருஷத்தில் அது சுமார் பத்து சதவீதமானது என்பது 1988 முடிவு. யாருக்குத் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று முன்கூட்டிச் சொல்ல அவர்களாலும் முடியவில்லை. காரணம் பல இருக்கிறது. பல்லைத் திருப்பினால் ஈறில் உள்ள நார்கள் முறுக்கிக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்துப் பிடிக்கின்றன என்று நார்வேயின் ரைட்டான் 1959இல் நாய்களில் காட்டினார். கம்பியே போடாதவர்களுக்கும் வயசாக ஆகக் கீழ்ப்பல் நெருக்கும். ஈறு நோயில் எலும்பு இறங்கினால் முன்பல் விசிறி மாதிரி விரியும். ஆக, பல் வாழ்நாள் முழுக்க நகர்ந்துகொண்டிருக்கும் ஓர் உறுப்பு. கட்டி அவிழ்த்தால் நிற்கும் என்பது ஆந்த்ரியின் மரத்துக்கு வேண்டுமானால் சரி.

துறைக்கு இது 80களிலேயே தெரியும். ஆனால் நோயாளிக்கு என்ன சொல்லப்பட்டது? 'ஆறு மாசம், ஒரு வருஷம் ரிட்டெய்னர் போடு, போதும்' என்பதுதான் பலருக்கும் கிடைத்த வாக்கு. பிறகு பல் நகர்ந்தபோது அதற்கு வைத்த பேர் 'ரிலாப்ஸ்'. இந்தச் சொல்லின் பூர்வீகத்தைப் பாருங்கள். மனந்திருந்தியதாகச் சொல்லிவிட்டு மறுபடி பழைய பிழைக்குப் போனவரைத் திருச்சபை விசாரணை மன்றங்கள் அழைத்த சொல் அது. 1431இல் ஜோன் ஆஃப் ஆர்க்கை எரித்தது இந்தக் குற்றத்துக்குத்தான். பிற்பாடு குடிநோயாளிக்கும் மனநோயாளிக்கும் அதே சொல். பல்லுக்கும் அதே சொல் வரும்போது, எலும்பும் நாரும் செய்கிற வேலை ஒரு மனுஷரின் ஒழுக்கக்கேடாக மாறிவிடுகிறது. ட்வீட் தன் கணக்கில் எழுதிக்கொண்டதை அவருக்குப் பின்வந்த நிறுவனம் நோயாளியின் கணக்கில் எழுதிவிட்டது.

இப்போது திரும்பி வருகிறவர்கள் அந்த 80களின் பிள்ளைகள். பல்லுக்குப் பல் பட்டை மாட்டிய காலம் போய், பல்லிலேயே ஒட்டும் முறை 1970களில் வந்ததிலிருந்து பெரியவர்களும் கம்பிக்கு வரத் தொடங்கினார்கள். வயசு பல் நகர்வதற்குத் தடையில்லை, தடை ஈறுதான். முதலில் ஈறு நோயைக் கட்டுப்படுத்த வேண்டும், சர்க்கரை இருந்தால் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும், எலும்பு குறைந்த இடத்தில் விசையையும் குறைக்க வேண்டும், வேர் நுனி கரைகிறதா என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும். முடிந்த பிறகு பல்லுக்குப் பின்னால் ஒட்டிய மெல்லிய கம்பியோ இரவில் போடும் ரிட்டெய்னரோ காலத்துக்கும் வேண்டும். தென்காசியிலேயே இதைச் செய்யும் தனியார் கிளினிக்குகள் இன்று உண்டு. பணம் இருக்கிறவருக்கு. இல்லாதவருக்குப் பொது மருத்துவம் பெரும்பாலும் பிடுங்குவதோடும் அடைப்பதோடும் நின்றுவிடுகிறது, மிச்சமெல்லாம் 'அழகு' என்று தள்ளிவிடுகிறது. நெருக்கியடித்த பல்லிடுக்கில் அழுக்குச் சேர்ந்து ஈறு இறங்குவதும், கடி மாறி மெல்ல முடியாமல் போவதும் அழகுப் பிரச்சினைதானா? அழகுக்காகவே வந்தாலும் என்ன? ஐம்பத்தைந்து வயதுப் பெண் சிரிப்பதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? 'பல்லைக் காட்டாதே' என்று சொன்ன அதே வாய்தான் 'இந்த வயசுல எதுக்கு' என்றும் கேட்கிறது.

தென்காசியிலிருந்து குற்றாலம் கூப்பிடு தூரம். ஆனி ஆடியில் அதே ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று வந்து சாரல் அடித்தால் ஊரே உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகும். போன வருஷமும் குளித்தவர்கள்தான் இந்த வருஷமும் குளிக்கிறார்கள். 'போன சீசன்லயே குளிச்சாச்சே, உடம்பை ஒழுங்கா வச்சுக்கலையா?' என்று யாரும் கேட்பதில்லை. குற்றாலத்தைப் புனிதமாக்க இதைச் சொல்லவில்லை. அங்கேயும் காசும் நெரிசலும் உண்டு, அருவித் தண்ணீர் பல்லை நேராக்காது. ஆனால் உடம்பைப் பேணுவது திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய காரியம் என்கிற புத்தி அந்த வழக்கத்தில் இருக்கிறது. ஒரே தரத்தில் திருத்தி முடித்துவிடலாம் என்பதற்கு நேர் எதிரான புத்தி.

ஆகவே கேட்க வேண்டியவை இவை. முதல் முறை கம்பி போடும்போதே, பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தமிழில் விளங்கும்படி, தக்கவைப்பது ஆயுள் முழுக்க என்று சொல்லிவிட வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நல்ல பல்லை எடுக்குமுன் ஏன் என்றும், எடுத்தாலும் நெரிசல் திரும்பலாம் என்றும் சொல்ல வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் ஈறு சிகிச்சையும் ரிட்டெய்னரும் கிடைக்க வேண்டும். இரண்டாம் முறை வருகிறவரிடம் 'ஏன் போடாம விட்டீங்க' என்ற கேள்வி வேண்டாம். முதல் முறை உங்களுக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்கட்டும்.