கடற்கரைக்கு அப்பால்: பஹ்ரைன், கீஷ் தீவுகளின் காட்சித்தலங்களும் பாண்டிநாட்டு முத்துக்கடலும்

வளைகுடாத் தீவுகளைப் பற்றிய சுற்றுலா ஏடுகள் மணலையும் விடுதியையும் நீர்விளையாட்டையுமே முன்னிறுத்துகின்றன. கடற்கரையை விட்டுச் சிறிது தொலைவு உள்ளே செல்பவர் காண்பது வேறு. பஹ்ரைனில் நாலாயிரம் ஆண்டுப் பழமையுடைய கல்லறை மேடுகள் ஆயிரக்கணக்கில் பரந்து கிடக்கின்றன. அபுதாபியின் ஸிர் பனீ யாஸ் தீவில் கீழைத் திருச்சபையினரின் துறவுமடம் ஒன்றன் அடித்தளம் 1992-இல் வெளிப்பட்டது. அதே அமீரகத்தைச் சேர்ந்த மராவா தீவில் ஏறத்தாழ எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட முத்து ஒன்று 2017-இல் கிடைத்தது. வளைகுடாவின் வடகரையில், ஈரானுக்குரிய கீஷ் தீவில், வணிக வளாகங்களுக்கும் விடுதிகளுக்கும் அப்பால் ஹரீரா எனும் இடைக்கால நகரம் இடிபாடாக நிற்கிறது. வளைகுடா நாடுகளில் தொழில்புரியும் தமிழர் விடுமுறை நாள்களில் இத்தகைய இடங்களுக்குச் செல்வதுண்டு. அயல்நாட்டுப் பழமை என்ற அளவில் கண்டு திரும்புகின்றனர்.

இத்தலங்களுள் பஹ்ரைனும் கீஷும் தமிழர் கடல்வணிக வரலாற்றுக்குரிய சான்றுகளாகவும் கொள்ளத்தக்கவை என்பது இக்கட்டுரையின் கருத்து. கொற்கை, காயல், மன்னார் ஆகியவற்றின் வரலாற்றை இவ்விரண்டையும் விலக்கி எழுதினால் அது ஒருபக்கக் கணக்காகவே நிற்கும். ஆயினும் இங்கு எதைத் தமிழரோடு இணைக்கலாம், எதை இணைக்கலாகாது என்ற வரையறை முதற்கண் வேண்டும்.

கோட்டை மேடும் கல்லறை மேடுகளும்

பஹ்ரைன் தீவின் வடகரையில் உள்ள கல்அத் அல்-பஹ்ரைன், ஒன்றன்மேல் ஒன்றாக நகரங்கள் எழுந்தழிந்து உருவான தொல்மேடு. கி.மு. 2300 அளவில் தொடங்கிக் கி.பி. 16-ஆம் நூற்றாண்டு வரை அங்கு மக்கள் வாழ்ந்தனர். 1950-களில் பி.வி. குளோப், ஜெஃப்ரி பிபி ஆகியோர் தலைமையில் டென்மார்க் நாட்டுக் குழு நடத்திய அகழாய்வே இதனைச் சுமேரிய ஏடுகள் கூறும் தில்முன் நாட்டோடு உறுதியாகப் பொருத்தியது. 2005-இல் இவ்விடம் உலக மரபுச் சின்னமாயிற்று. தீவின் மேற்குப் பகுதியிலுள்ள தில்முன் கல்லறை மேடுகள் 2019-இல் அப்பட்டியலிற் சேர்ந்தன. அவற்றின் எண்ணிக்கை 11,774 எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

கோட்டை மேட்டில் சிந்துவெளி அளவுமுறையைச் சார்ந்த எடைக்கற்கள் கிடைத்தன. தில்முன் வணிகர் சிந்துவெளி நிறுவையையே கைக்கொண்டனர் என்பதை இது காட்டும். இந்த இடத்தில் தமிழாய்வாளர்க்கு ஓர் ஆவல் எழுவது இயல்பு. சிந்துவெளியினர் திராவிடர் எனின் தில்முனும் நம்முடையதன்றோ என்றும், அப்பெயருக்கே தமிழ் வேர் காணலாமன்றோ என்றும் கேட்கத் தோன்றும். ஒலியொப்புமை சான்றாகாது. சிந்துவெளி எழுத்து ஐயத்துக்கிடமின்றிப் படிக்கப்பெறும் வரை, எடைக்கல் ஒன்று வணிகத் தொடர்பைக் காட்டுமேயன்றி மொழியைக் காட்டாது. அரபுத் தீபகற்பத்தில் தமிழ்ப் பெயர் எழுதப்பெற்ற பொருள் வேண்டுமாயின் வளைகுடாவை விட்டு ஓமனின் தென்கரைக்குச் செல்லவேண்டும். சலாலாவுக்கு அண்மையிலுள்ள கோர் ரோரி அகழாய்வில் 2006-இல் கிடைத்து, 2012-இல் ஐராவதம் மகாதேவனால் அறிவிக்கப்பெற்ற ஓட்டுச்சில்லில் ‘ணந்தை கீரன்’ எனும் பெயர் தமிழ்ப் பிராமியில் உள்ளது. கி.பி. முதல் நூற்றாண்டளவினதான அச்சில்லு, சிறிதாயினும் உறுதியானது.

சிப்பி யாருக்கு உரியது?

பஹ்ரைனுக்கும் தமிழகத்துக்கும் உள்ள மெய்யான உறவு முத்தில் தொடங்குகிறது. அது போட்டியாகவே தொடங்குகிறது. கி.பி. முதல் நூற்றாண்டினதான எரித்திரையன் கடற்செலவு நூல், பாண்டியர்க்குரிய கொற்கையில் குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளிப்பு நடந்ததைக் கூறுகிறது. வளைகுடாத் துறைகளிலிருந்து பருகச்சத்துக்கு வரும் முத்து இந்திய முத்தினும் தரம் குறைந்தது என்பதும் அந்நூலின் கூற்று. அதே நூற்றாண்டில் எழுதிய பிளினி இதற்கு மாறாகப் பாரசீக வளைகுடா முத்தையே சிறப்பித்துப் பேசுகிறார். தீலோஸ் எனக் கிரேக்கர் வழங்கிய பஹ்ரைனையும் முத்துக்குப் பெயர்பெற்றதெனக் குறிக்கிறார். ஒருவர் துறையில் நின்று விலை பேசியவர், மற்றவர் உரோமையில் இருந்து நூல்களைத் தொகுத்தவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்விரு கடல்களின் பருவங்கள் வேறானவை. மன்னார் வளைகுடாவில் இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அமைதிக்காலமான மார்ச், ஏப்ரல் மாதங்களே முத்துக்குளிப்புக்கு உரியன. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ ஏப்ரல் முதல் மே நடுப்பகுதி வரை என்கிறார். பஹ்ரைனிலோ குளிர்காலத்து நீர் தாங்கவொண்ணாதது. ஆதலின் பெருங்குளிப்பு கோடையில், ஏறத்தாழ ஜூன் தொடங்கிச் செப்டம்பர் இறுதி வரை நடந்தது. எனவே ஒரே ஆள் இளவேனிலில் மன்னாரிலும் கோடையில் பஹ்ரைனிலும் மூழ்க இயன்றது. இது வெறும் ஊகமன்று. 1891-க்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் வறண்டிருந்த இலங்கைப் பார்களில் 1903-இல் மீண்டும் சலாபம் தொடங்கியபோது, மரிச்சுக்கட்டி முகாமில் தமிழரோடும் முஸ்லிம்களோடும் வளைகுடா அரபியரும் மூழ்கினர் என்பதை அக்கால அரசு அறிக்கைகள் பதிவுசெய்கின்றன.

தொழிலின் கருவிகளும் நெருங்கியவை: காலில் கட்டிய கல், இடுப்பில் அல்லது கழுத்தில் தொங்கும் கூடை, படகில் கயிறு பிடித்து நிற்கும் துணையாள். அரபியர் மூக்கில் கவ்வி அணிந்தனர். தமிழர் பெரும்பாலும் கையாற் பொத்திக்கொண்டனர். மன்னாரில் சுறாவை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட ‘கடல்கட்டி’க்குப் பங்கு உண்டு. மார்க்கோ போலோ காலத்தில் அப்பணியைச் செய்தோர் இருபதில் ஒரு பங்கு பெற்றனர். பஹ்ரைன் படகில் கூலிபெற்ற தனியாள் பாடகன், ‘நஹ்ஹாம்’ எனப்படுவான். நமது ‘பார்’ அவர்களிடம் ‘ஹைர்’.

உரிமைமுறையிலோ இரு கடல்களும் எதிரெதிரானவை. மன்னார்ப் பார்கள் எக்காலத்தும் அரசுக்கு உரியன: பாண்டியர், போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் எனக் கைமாறினும் விதி மாறவில்லை. பாண்டியர்க்குப் பத்தில் ஒன்று எனப் போலோ எழுதினார். இலங்கையின் ஆங்கில அரசு எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கைத் தனதாக்கிக் கரையிலேயே ஏலமிட்டது. வளைகுடாவின் அரபுக் கரையில் ஹைர்கள் எல்லாக் குலத்தாருக்கும் பொது. அரசு பாரைச் சொந்தமாக்கவில்லை. மாறாக வணிகன் மனிதனைக் கட்டினான். பருவத்துக்கு முன் கொடுத்த முற்பணம் கடனாகப் பெருகித் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகளும் அப்படகுகளில் மூழ்கினர். 1920-களில் ஒவ்வொரு குளிப்பாளிக்கும் கணக்கேடு வேண்டும் எனப் பஹ்ரைனில் சீர்திருத்தம் வந்தது. 1932-இல், முற்பணம் குறைக்கப்பட்டபோது, குளிப்பாளிகள் கலகம் செய்தனர். ஜப்பானிய வளர்ப்பு முத்தும் 1929-இன் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் தொழிலை அதற்குள் நொறுக்கியிருந்தன. கலகம் நடந்த அதே ஆண்டில் தீவில் எண்ணெய் பீறிட்டது.

இன்று பயணி கண்ணால் காண்பதை இவ்வேறுபாடே நிர்ணயித்துள்ளது. முத்தின் ஆதாயம் பஹ்ரைனில் தனி வணிகர் கையில் தங்கியமையால் முஹர்ரக் நகரில் அவர்களுடைய மாளிகைகள் எழுந்தன. 2012-இல் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற முத்துப்பாதை, மூன்று சிப்பிப் பார்களையும் கடற்கரைக் கோட்டை ஒன்றையும் நகருக்குள் 17 கட்டடங்களையும் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டரில் கோக்கிறது. ஸியாதி குடும்பத்தின் மஜ்லிஸ் அதில் பொலிவு மிக்கது. நாகுதாவின் வீடு, குளிப்பாளியின் எளிய வீடு ஆகியவையும் விடுபடவில்லை என்பது பாராட்டுக்குரியது; எனினும் சுவரோவியமும் வண்ணக்கண்ணாடியும் இருக்கும் இடத்திலேயே பார்வையாளர் நிற்பர். மன்னார்க்கரையில் ஆதாயம் அரசுக் கருவூலத்துக்கும் கரைகடந்தும் சென்றது. அங்கே எஞ்சியவை கோட்டையும் கோயிலும் அதிகாரி மனையுமே. ‘நம் கரையில் பார்க்க ஒன்றுமில்லை’ எனத் தமிழரே கூறுவதுண்டு. அந்த இன்மைக்கும் ஒரு வரிக்கணக்குக் காரணமாக உள்ளது.

பஹ்ரைனில் இந்தியர் இருந்தனர் எனில் அவர் தமிழரல்லர் என்பதையும் சொல்லவேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் மனாமாவில் முத்து வாங்கிப் பம்பாய்க்கு அனுப்பியோர் சிந்து, குசராத்துப் பகுதி வணிகர். அங்குள்ள இருநூறு ஆண்டுப் பழமையான கண்ணன் கோயில் அவர்களுடையதே. தமிழர் உறவு குடியேற்றத்தில் அமையவில்லை. ஒரே சந்தைக்குப் பொருள் தந்த இரு கரைகளின் உறவாகவே அமைந்தது. 16-ஆம் நூற்றாண்டில் அவ்விரு கரைகளும் சிறிதுகாலம் ஒரே பேரரசின் பிடிக்குள் வந்தன. 1521-இல் பஹ்ரைனைத் தாக்கிய போர்த்துக்கீசர் 1602 வரை ஹொர்முஸ் வழியே அதன்மீது ஆதிக்கம் செலுத்தினர். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் அவர்களுடைய பாதுகாப்பை நாடிக் கிறித்தவம் தழுவினர். 1560-இல் மன்னாரில் கோட்டை எழுந்தது. கல்அத் அல்-பஹ்ரைனின் உச்சியில் நிற்கும் கொத்தளங்களையும் மன்னார்க் கோட்டையையும் ஒருசேர வைத்து ஆராய்தல் இனிச் செய்யத்தக்க பணி.

குதிரை வந்த தீவு

முத்து இரு கரைகளிலும் விளைந்தது. குதிரை ஒரு கரையில் மட்டுமே. பட்டினப்பாலை கடல்வழி வந்த குதிரையைக் குறிப்பிடுவது யாவரும் அறிந்தது. அவ்வணிகத்தின் விலையும் ஒப்பந்தமும் விரிவாகத் தெரிவது பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபின் எழுத்தில். கீஷ் தீவின் அதிபரான மலிக் அல்-இஸ்லாம் ஜமாலுத்தீன் இப்ராஹீம் ஆண்டுதோறும் தம் சொந்தக் குதிரைகள் 1,400-ஐ மாபாருக்கு, அதாவது பாண்டிநாட்டுக்கு, அனுப்ப உடன்பட்டார். கத்தீஃப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹொர்முஸ், கல்ஹாத் ஆகிய இடங்களிலிருந்து கிடைப்பனவும் அவற்றோடு செல்லும். ஒரு குதிரைக்கு விலை 220 செம்பொன் தீனார். வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலமே விலை தரவேண்டும். இடைக்கால அரபு வழக்கில் பஹ்ரைன் என்பது எதிர்க்கரை நிலத்தையும் குறித்தது. தீவின் பெயர் அவால். ஆயினும் இப்பட்டியலில் கத்தீஃபும் லஹ்ஸாவும் தனியே கூறப்படுதலின் இங்குத் தீவையே கொள்ளல் பொருந்தும்.

முந்திய தலைமுறையில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் மாபார் முதலான துறைகளுக்குச் சென்றன என்றும், அவற்றின் விலையான 22 இலட்சம் தீனார் கோயில் நிலங்களின் வருவாயினின்று கொடுக்கப்பட்டது என்றும் வஸ்ஸாஃப் மேலும் எழுதுகிறார். தொகை மிகைப்படுத்தப்பட்டதாகலாம். கோயிற் பொருளாதாரத்தை நெல்லையும் நிலத்தையும் கொண்டே கணக்கிடும் ஆய்வுகள் இக்கூற்றை எதிர்கொள்ளாமல் கடந்துபோவது முறையன்று. அத்துணைப் பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள் தமிழகத்தில் நெடுநாள் வாழவில்லை. குதிரை பேணத் தெரிந்தவர் எவரும் அங்குச் செல்லாதவாறு வணிகரே பார்த்துக்கொண்டனர் எனப் போலோ கூறுவது, வணிகத்தின் இயல்பறிந்தோர்க்கு வியப்புத் தராது.

ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனிடம் அமைச்சராய் இருந்து காயல் முதலிய துறைகளை ஆண்டார். ஜமாலுத்தீனின் மகன் ஃபக்ருத்தீன் அஹ்மத் சீனப் பேரரசரிடம் தூது சென்று மீளும் வழியில் 1305-இல் மாபாரை அணுகும்போது இறந்து, சிற்றப்பனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பெற்றார். கீஷ் அரசகுடும்பம் ஒன்றின் இருவர் இவ்வாறு தமிழக மண்ணில் உறங்குகின்றனர்.

பழையகாயலைப் போலோவின் காயில் என அடையாளங்கண்டு அங்கு அகழ்ந்த கால்டுவெல், சீனப் பீங்கானோடு அரபுநாட்டு மட்பாண்டச் சில்லுகளையும் கண்டார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக நெடுங்காலம் விளங்கிய நொபொரு கராஷிமாவின் குழு பெரியபட்டினத்திலும் காயற்பகுதியிலும் சீனப் பீங்கான் சில்லுகளை முறையாகத் தொகுத்தது. கல்அத் அல்-பஹ்ரைனின் கடற்கரைக் கோட்டையிலும் சீனப் பொருள்கள் கிடைத்துள்ளன. வளைகுடாவுக்கும் சீனத்துக்கும் இடையே காயல் நின்றதை மூன்றிடத்துச் சில்லுகளும் சேர்ந்தே சொல்கின்றன.

2000-களில் துபாயில் விசா முடிந்தவர்கள் புதிய விசா வரும்வரை கீஷ் தீவின் மலிவு விடுதிகளில் நாள்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில், காத்திருப்பது வழக்கமாயிருந்தது. அவர்களில் தமிழரும் இருந்தனர். கையில் காசின்றிக் காத்திருந்தவர்க்கு ஹரீராவின் இடிபாடு காட்சித்தலமாய்த் தோன்றியிருக்க வேண்டியதில்லை. காயலுக்குக் கப்பலேறிய குதிரைகள் அந்நகரத்துத் துறையிலிருந்தே புறப்பட்டன.

எதிர்க்கரை

பஹ்ரைன் அரசு வளர்ப்பு முத்து வணிகத்தைத் தடைசெய்து, இயற்கை முத்தைத் தன் அடையாளமாகக் காக்கிறது. தூத்துக்குடியில் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1973-இல் அதே ஊரில் மத்திய அரசின் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. பஹ்ரைனில் பாரும் வீடும் ஒரே பாதையில் இணைக்கப்பட்டுள்ளன. தமிழ்க்கரையில் கொற்கை, பழையகாயல், தூத்துக்குடிப் பனிமய மாதா கோயில், மன்னார்க் கோட்டை, மரிச்சுக்கட்டி ஆகியவற்றை இணைக்கும் பாதை எதுவும் இல்லை. இடையில் ஒரு நாட்டெல்லையும் உண்டு.

மன்னாருக்குத் தெற்கே அரிப்பில், சலாபத்தை மேற்பார்க்க ஆளுநர் பிரடெரிக் நோர்த் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேக்கத் தூண்களோடு எழுப்பிய மனை, கடலரிக்கும் மண்மேட்டின் விளிம்பில் நிற்கிறது. அரசு தன் பங்குச் சிப்பியை எண்ணிக்கொள்ளக் கட்டிய அக்கட்டடத்தை அப்பகுதி மக்கள் அல்லிராணிக் கோட்டை என அழைக்கின்றனர். அதன் செங்கற்கள் ஒவ்வொன்றாகக் கடலில் விழுந்துகொண்டிருக்கின்றன.