ஓட்டிசமும் பிள்ளை வேண்டும் என்ற விருப்பமும்

ஓட்டிசம் உள்ள வளர்ந்தோர் பிள்ளை பெற விரும்புவார்களா? ஒரே விடை இல்லை. சிலருக்குத் தீவிர ஆசை. சிலர் தெளிந்து வேண்டாம் என்பார்கள். சிலர் தம் பிள்ளைக்கு ஓட்டிசம் என்று தெரிந்த பின்னரே தம்மையும் அறிகிறார்கள். 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் சிறுவர்களை வைத்தே ஓட்டிசத்தை விவரித்ததால், ஓட்டிசம் உள்ளோர் பெற்றோராகலாம் என்ற நினைப்பே தாமதமாக வந்தது.

2020இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வொன்று ஓட்டிசம் உள்ள 355 தாய்மாரிடம் அவர்களின் அனுபவத்தைக் கேட்டது. மற்றத் தாய்மாரைவிட இவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் பிள்ளையின் தேவைக்கு முதலிடம் கொடுப்பதில் குறையில்லை. ஆசைக்கும் தாங்கும் வலுவுக்கும் இடையில் நிற்பவை பல: ஓயாத அழுகை, தூக்கமின்மை, பிரசவ விடுதியின் கண்கூசும் வெளிச்சம், சொல்லாமல் உடம்பில் படும் கை.

இலங்கையின் திருகோணமலையில் பிள்ளை பற்றிய கேள்வி வீட்டு வாசலுக்கே வரும். குடும்பநல உத்தியோகத்தர் தம்பதியரைப் பதிந்து வீடு வீடாகப் போகிறார், உறவினரோ கலியாணமான சில மாதங்களிலேயே "விசேஷம் ஒன்றுமில்லையா?" என்பார்கள். நேர்க்கேள்விக்கு நேரே பதில் சொல்லும் ஒருவருக்கு அது எவ்வளவு பாரம்! ஆனால் கிழக்கில் மகளுக்கு வீடு சீதனமாகக் கொடுப்பது வழமை. அதனால் தாய் பக்கத்திலேயே இருப்பது பெருந்துணை.

இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தின் 23ஆம் உறுப்புரை, எத்தனை பிள்ளை என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஓட்டிசம் உள்ளோருக்கும் அளிக்கிறது. வேண்டாம் என்பதும் அதில் அடக்கம்.